முகப்புக்கு வர்ணம், உள்ளே புகை

வீட்டு முகப்பை அழகுபடுத்துவது எப்படி, மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி என்ற இரண்டும் வாரப் பத்திரிகைகளுக்கு வற்றாத விடயங்கள். விளம்பரம் குறைந்து பக்கம் வெறிச்சோடும் வாரங்களில் ஆசிரியபீடத்துக்குக் கைகொடுப்பவை. படலைக்குப் புதுவர்ணம் பூசுங்கள், வாசலின் இருமருங்கிலும் பூச்சாடி வையுங்கள், பழைய மின்குமிழ்களைக் கழற்றி எறிந்துவிட்டு எல்.இ.டி. பொருத்துங்கள், கூரையில் சூரியத் தகடு போடுங்கள் என்று அந்தப் பக்கங்கள் சொல்லும். நல்ல ஆலோசனைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் இவை அத்தனைக்கும் அடியில் அச்சிடப்படாத வரியொன்று உண்டு. வீடு உங்களுடையது என்பதே அது.

அந்த வரி பொய்யாகிப்போகும் இடத்தில் இந்த ஆலோசனைகளுக்கு என்ன பொருள்? ஊவா மாகாணத்தின் தோட்டங்களை வைத்துக்கொண்டு இக்கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். பதுளை, ஹாலிஎல, தெமோதரை, பசறை, லுணுகலை, நமுனுகுலை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பூனாகலை, கொஸ்லந்தை என்று நீளும் மலைகளில் வாழும் நம்மவர்களைப் பற்றி, மலையகம் என்றதுமே ஹற்றனையும் நுவரெலியாவையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் வெளிநாட்டு வாசகர்களுக்குச் சிறிது சொல்லியாக வேண்டும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தில் மட்டும் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி வீசும் வரண்ட காற்றில் கொழுந்துக்கு ஏறும் அந்த மணத்துக்கு விலையும் கூடுதல். கொழுந்து பறிப்பவரின் வீட்டுக்குள் மட்டும் அந்தக் காற்று புகுவதற்கு வழி கிடையாது.

இது அலங்காரப் பேச்சு அல்ல, கட்டடத்தின் அமைப்பைச் சொல்கிறேன். லயத்தைக் கண்டிராதவர்களுக்காக: பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் வரிசையாகக் காம்பராக்கள்; ஒவ்வொன்றின் முன்னாலும் ஒடுங்கிய இஸ்தோப்பு; மேலே தகரம். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு வரிசைகள். பின்சுவர் அடுத்த குடும்பத்துக்கும் பொதுச்சுவர், பக்கச்சுவர்கள் இரண்டும் அவ்வாறே. எனவே கதவிருக்கும் முன்சுவரைத் தவிர வேறெங்கும் சாளரம் வைக்க இடமில்லை. குறுக்கே காற்றோட முடியாது. வெளிச்சம் வருமிடமும் புகை போகுமிடமும் ஆட்கள் வந்துபோகும் வாசலும் ஒன்றேதான். காப்பிக் காலத்தில் ஆண்டில் சில மாதங்கள் வந்துபோகும் கூலிகளைத் தங்கவைப்பதற்கென்று வகுத்த இந்த வடிவம், ஆண்டு முழுவதும் வேலையுள்ள தேயிலைக் காலத்திலும் தொடர்ந்தது. ஆறேழு தலைமுறைகளின் பிறப்பையும் இறப்பையும் பார்த்துவிட்டது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப், ஒற்றைக் காம்பரா வாழ்க்கையின் நெருக்கடியை ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் எழுதினார். கதை வந்து பல தசாப்தங்கள் கழிந்துவிட்டன. அவரும் 2022 இல் மறைந்துவிட்டார். அந்தக் காம்பரா இன்னும் இருக்கிறது.

முகப்புக்கு வருகிறேன். தோட்டத்து மக்களுக்கு வீட்டை அழகாக வைத்திருக்கத் தெரியாது என்று நகரத்தில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவர்கள் லயத்தை இரயில் பெட்டியின் யன்னலிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். இறங்கி நடந்து பாருங்கள். ஒரே நீளச் சுவரில் ஒரு காம்பராவின் முன்பக்கம் நீலம், அடுத்தது இளஞ்சிவப்பு, அதற்கடுத்தது பச்சை. எண்ணெய்த் தகரத்திலும் உடைந்த வாளியிலும் டேலியா, செவ்வந்தி, குரோட்டன். சிவப்புச் சாயமிட்டு மெழுகிய இஸ்தோப்பு. தீபாவளி முற்பணத்தில் புத்தாடை போக மிச்சம் பிடித்த காசில் வாங்கிய வர்ணம் அது. கட்டடம் கம்பனியின் பொறுப்பில், நிலம் அரசினுடையது, பத்தடிச் சுவரின் நிறம் மட்டுமே தன்னுடையது. தன் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உறுதிப்பத்திரம் சொல்லாத இடத்தில் நீலமும் பச்சையும் சொல்கின்றன. இதைவிடக் கருத்தாழமுள்ள முகப்பு அலங்காரத்தை நான் கொழும்பு ஏழிலும் கண்டதில்லை.

எனக்குக் கோபம் வருவது மற்றொரு வகை வர்ணப்பூச்சின் மீது. யாரோ வரப்போகிறார் என்றதும் தெருவை நோக்கிய லயத்துக்கு மட்டும் பூசப்படும் வெள்ளை. அமைச்சர் வருகை, தரச் சான்றிதழ் தருவோரின் வருகை, வெளிநாட்டுக் கொள்வனவாளரின் வருகை. தெருவுக்குத் தெரியாத கீழ்ப்பணிய லயத்துக்கு அந்த வாளியின் அடிமண்டிகூடப் போய்ச் சேராது. சுண்ணாம்புக்குப் பின்னால் தகரம் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகும் இடத்தில் சட்டி வைக்கப்பட்டிருக்கும். இத்தகைய வெள்ளைப்பூச்சுகளைச் செய்தியாக்கச் சென்ற அனுபவம் எனக்கு ஒன்றிரண்டல்ல. எந்தத் தோட்டம், எந்த நிர்வாகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இப்போது வருகையாளர்கள் பெருகிவிட்டார்கள். பதுளைக்குப் போகும் புகையிரதமும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் உலகெங்கும் கைபேசித் திரைகளில் ஓடுகின்றன. ஐரோப்பிய, அமெரிக்க நிதியுதவியோடு அமைந்த ‘பீக்கோ டிரெயில்’ என்னும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை, கண்டியின் ஹந்தானையிலிருந்து புறப்பட்டு ஹப்புத்தளை, எல்ல வட்டாரங்களின் தேயிலை மலைகளினூடாகவும் செல்கிறது. நல்லது, மலை எல்லோருக்கும் உரியது, யாரும் நடக்கட்டும். நடப்பவர்கள் பெட்டிக்கடையில் தேநீர் குடித்தால் நாலு காசு அங்கேயும் சேரும். ஆனால் தோட்டத்துத் துரை பங்களாக்கள் ஒவ்வொன்றாக விருந்தினர் விடுதிகளாகி, ஓரிரவு வாடகையே அங்கு கொழுந்து பறிப்பவரின் மாதச் சம்பளத்தை விழுங்கும் காலத்தில், கீழேயுள்ள லயம் ஒரு ‘காட்சி’யாகிவிடும் அபாயம் இருக்கிறது. காட்சிப்பொருளைப் புதுப்பிக்கும்போது முகப்பைத்தான் புதுப்பிப்பார்கள்.

பங்களா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அடிஷாம் மாளிகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று அது பெனடிக்டைன் துறவிகளின் மடம். கருங்கல் சுவர், கணப்படுப்பு, கூரைக்கு மேலே எழும் புகைபோக்கி. அத்தனை ஆடம்பரம் இல்லாத சாதாரணத் தோட்டப் பங்களாவிலும் கணப்படுப்பும் புகைபோக்கியும் உண்டு. ஆகவே, புகைபோக்கி என்ற ஒன்றை எப்படிக் கட்டுவதென்று தோட்டம் உருவாக்கியவர்களுக்குத் தெரியும். குளிருக்கு மரக்கூரைத் தட்டு அடிக்க வேண்டும் என்பதும் தெரியும். அதே மேசன், அதே கருங்கல், அதே மலை. பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் அந்த அறிவு எங்கோ தொலைந்துவிட்டது. ஐந்தாறு பேருக்குச் சோறு வேகும் அடுப்பின் புகை, சோறு உண்பவர்கள் படுத்துறங்கும் அறைக்குள்ளேயே சுற்றிச் சுழல்கிறது. தகரத்தின் உட்புறம் கன்னங்கரேலென்று பளபளப்பதைப் பார்த்தவர்கள், அந்தக் கரி கூரையோடு நின்றுவிடுவதில்லை என்பதை உணர்வார்கள். அடுப்பின் முன்னால் இருப்பவள் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டிவிட்டுப் பிரட்டுக்கு ஓடும் பெண். அவளது நெஞ்சுக்குள்ளேயும் அதே கரிதான்.

எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேசுவோர் இந்த அடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். குளிரூட்டியைச் சில பாகை கூட்டி வையுங்கள் என்ற ஆலோசனை பசறைக்கு எதற்கு? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்து வரும் மிலார்தான் இங்கே எரிபொருள். அதன் விலை பணத்தில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. வாரத்தின் ஒரே ஓய்வுநாளில் தலைச்சுமையாக ஏற்றம் ஏறி வரும் விறகுக்கட்டு எந்தக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலும் செலவாகப் பதியப்படுவதில்லை. ‘இலவச விறகு’ என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். கட்டைத் தலையில் வைத்துப் பார்த்தவர் எவரும் அப்படி எழுதமாட்டார்.

இலங்கையிலேயே உருவான ‘அனகி’ என்ற மண் அடுப்பு உண்டு. ஒரே வாயில் விறகிட்டு இரண்டு பாத்திரம் ஏற்றலாம். 1990களின் தொடக்கத்திலிருந்து கடைகளில் கிடைக்கிறது. மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகும் புகையும் கணிசமாகக் குறையும். இத்தோடு சுவரோரமாக ஒரு மேடை, மேலே கூரையைத் துளைத்துச் செல்லும் ஒரு புகைக்குழாய். இது விண்வெளி விஞ்ஞானம் அல்ல, ஒரு குயவரும் ஒரு மேசனும் இரண்டு நாளில் முடிக்கும் வேலை. ஒரு தோட்டத்தில் கொழுந்து எடைபோட வாங்கிய மின்னணுத் தராசின் செலவில் எத்தனை லயங்களுக்குப் புகைக்குழாய் வைத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. தராசு உடனே வருகிறது. புகைக்குழாய் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

பொருளாதார நெருக்கடி இந்தக் கதையை இன்னும் கூர்மையாக்கியது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஒன்று 4,860 ரூபாவுக்கு ஏறியது. லயத்தில் மெல்ல மெல்ல எரிவாயுவுக்கு மாறத் தொடங்கியிருந்த குடும்பங்கள் சிலிண்டரை மூலையில் நிறுத்திவிட்டு மிலாருக்கே திரும்பின. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. மின்கட்டணத்தைப் பாருங்கள். மாதம் 30 அலகு பாவிக்கும் குடும்பம், அதாவது இரண்டு மூன்று விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள குடும்பம், 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலைக்கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா கட்டியது. ஓகஸ்டில் அது 360 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30, நிலைக்கட்டணம் 400 ஆகி, மொத்தம் 1,300 ரூபா. ஆறு மாத இடைவெளியில் பன்னிரண்டு மடங்கு! அப்போது தோட்டத்தின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு நாள் முழுக்க மலையில் நின்றாலும் அந்த மாதத்து வெளிச்சத்துக்குப் போதவில்லை. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டது உண்மை. 2024, 2025 திருத்தங்களில் கீழ்ப்படி மிகவும் இறங்கியது. ஆனால் அந்தக் காலத்தில் அடகுக்குப் போன தோடு திரும்பி வந்ததா என்று எந்தத் திருத்தமும் கேட்கவில்லை.

கீழ்ப்படிச் சலுகையும் தனித்தனி மானி உள்ளவருக்குத்தான். ஒரே மானியிலிருந்து கம்பி இழுத்து இரண்டு மூன்று குடும்பங்கள் பாவிக்கும் லயங்களில், எல்லோருடைய அலகுகளும் ஒரே பட்டியலில் கூடி, மேற்படிக்கு ஏறி, ஏழைகளிலும் ஏழையானவர் நடுத்தர வர்க்கத்துக் கட்டணம் செலுத்த நேர்கிறது. குறைவாகப் பாவிப்பவருக்குக் குறைந்த கட்டணம் என்று கொழும்பில் அமர்ந்து வகுத்த நியாயமான கொள்கை, மானி இல்லாத சுவரில் முட்டித் தலைகீழாகிவிடுகிறது.

இத்தகைய கம்பி இழுப்புகளின் மறுபக்கம் நெருப்பு. ‘மின்னொழுக்கு காரணமாக லயன் குடியிருப்பு தீக்கிரை’ என்ற தலைப்பை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் கை நடுங்குகிறது. செய்தியின் வடிவமும் மாறுவதில்லை. பகலில் பெரியவர்கள் மலைக்குப் போன நேரம், ஒரு காம்பராவில் பற்றி, கூரையின் கீழுள்ள மரங்கள் வழியாக வரிசை முழுவதும் பரவி, குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்து, பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டு, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் சாம்பலாகி... கடைசி வரியில் ‘மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்’. காம்பராக்களுக்கிடையே கூரை வரை எழும் தடுப்புச் சுவரும், கட்டடம் முழுவதற்கும் ஒழுங்கான வயரிங்கும் இருந்திருந்தால் அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை ஒரு காம்பராவோடு நின்றிருக்கும்.

பகலிலும் விளக்கெரியும் வீடுகள் இவை என்பதை மறக்கக் கூடாது. 60 வாட் பழைய குமிழ் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் எரிந்தால் மாதம் 21 அலகுக்கு மேல். 9 வாட் எல்.இ.டி. என்றால் மூன்றேகால் அலகு. ஆகவே குமிழை மாற்றுங்கள் என்ற பத்திரிகை ஆலோசனை இங்கும் செல்லும். பலர் மாற்றியும் விட்டார்கள். ஆனால் அதைவிட மலிவான வழி, தகரத்தில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் தகட்டைப் பொருத்துவது. பகல் முழுவதும் இலவச வெளிச்சம். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “அய்யா, அது எங்களுக்குத் தெரியாதுங்களா? தகரத்துல கை வச்சா ஒழுகுறதுக்கு நாங்கதான் காரணம்னு சொல்லிப்புடுவாங்க. தொரைகிட்ட கேட்டு எழுதி வாங்கணும். கேட்டு ரெண்டு வருசமாச்சுங்க” என்றார். கூரைத் தகடு ஒன்றை மாற்ற இரண்டு ஆண்டுகள்! சமையலுக்கென்று பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கினால் அனுமதியற்ற கட்டடம் என்று உடைக்க ஆள் வருவதற்கு மட்டும் இரண்டு நாள் போதும்.

சூரிய மின்சாரத்துக்கு வருவோம். 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் அரசு கூரை மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. தன் கூரையில் உற்பத்தி செய்து மிகுதியை விற்கலாம். நாட்டின் வசதி படைத்த கூரைகள் பல இன்று சம்பாதிக்கின்றன. அத்திட்டத்தில் சேர முதலில் ஒரு கூரை வேண்டும். கூரை தனது என்று காட்ட ஒரு பத்திரம் வேண்டும். வங்கிக் கடனுக்கும் அதுவே வேண்டும். ஊவா மலைச்சரிவுகளில் வெயிலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கும் லயக்கூரைகளின் பரப்பளவை யாராவது அளந்திருக்கிறார்களா? அத்தனையும் யாருக்கும் சொந்தமில்லாத கூரைகள். தேயிலைத் தொழிற்சாலைக் கூரைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு உரிமையாளர் உண்டு.

இன்னொரு கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். ஊவாவுக்கு மின்சாரம் எட்டாத பொருள் அல்ல. அதன் காலடிக்குக் கீழேயே ஓடுகிறது. வெலிமடைப் பக்கம் அணைகட்டி, நீரை மலைக்குள் சுரங்கம் வழியே கொண்டுசென்று 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் உமாஓயா திட்டம், 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி ரைசியின் வருகையோடு திறந்துவைக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 2014 டிசம்பரில், சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உடைத்துப் பாயத் தொடங்கியது. பண்டாரவளை வட்டாரத்தில் கிணறுகள் வற்றின; ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017 இல் பண்டாரவளை நகரமே வீதிக்கு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி அன்று எல்லோரும் நின்றார்கள். வெடிப்பு விழுந்த சுவருக்கு நட்டஈடு கேட்கும்போதும் அதே கேள்வி எழும்: சுவர் யாருடையது? கிராமத்தவர் தன் பத்திரத்தை நீட்டலாம். லயத்தவர் எதை நீட்டுவார்?

நிற்க. கம்பனிகளின் தரப்பையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசினுடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள். வீடமைப்பு அரசின் கடமை. உற்பத்திச் செலவு ஏறிவிட்டது. ஏலத்தில் கிடைக்கும் விலை போதாது என்பது அவர்களது வாதம். இதில் பாதி உண்மை. உற்பத்திச் செலவு ஏறியிருப்பது பொய்யல்ல. ஆனால் குத்தகைக்காரர் என்பதால் தகரத்தை மாற்ற உரிமையில்லை என்றால், அதே குத்தகைக்காரர் பங்களாவை விடுதியாக்கியது எந்த உரிமையில்? வருமானம் வரும் கட்டடத்துக்கு மட்டும் உரிமை முளைத்து, ஒழுகும் கட்டடத்துக்கு அது வாடிவிடுமா? குத்தகை முடிவது 2045 இல். அன்றுவரை ஒழுகட்டும் என்று சொல்லிவிட்டால் அதையாவது எழுத்தில் தரட்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சம்பளப் போராட்டத்தில் அவர்களுக்குப் பங்குண்டு. 1,000 ரூபாவும் 1,350 ரூபாவும் சும்மா வந்துவிடவில்லை. ஆனால் வீட்டைப் பற்றிய அவர்களது பேச்சு அடிக்கல்லிலும் நாடா வெட்டுவதிலும் முடிந்துவிடுகிறது. அடிக்கல்லுக்கு முகப்பு அழகு அதிகம். புகைக்குழாய்க்கு யார் நாடா வெட்டுவார்?

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒன்று. தோட்டப் பாடசாலைச் சுவருக்கு வர்ணமடித்து, நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறித்து, படம் பிடித்து அனுப்பும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. நல்ல மனத்தோடு செய்கிறீர்கள், தெரியும். அடுத்தமுறை அந்தப் பணத்தில் ஒரு லயத்துக்கு முழு வயரிங் செய்யக் கேளுங்கள். நிர்வாகம் அனுமதிக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கு அப்போதுதான் தெரியவரும். அந்தப் பதிலைப் படம் பிடித்துப் போடுங்கள்.

புதிய வீடுகள் வருகின்றனவே என்று கேட்பீர்கள். வருகின்றன. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கொள்கை 2015க்குப் பின்னர் நிலைபெற்றது. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 இல் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, சமையலறை, கழிவறை. 120 சதுர அடியோடு ஒப்பிட்டால் அது மாளிகைதான். குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் ஒரே வரைபடத்தை எல்லா மலையிலும் ஒட்டுவது சரியா? பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். ஓரிடத்தில் வெயிலைத் தடுக்க வேண்டும், மற்றதில் வெயிலை வரவேற்க வேண்டும். கூரையின் கீழே தட்டு அடிக்காவிட்டால் மலைக்குளிரில் விடியற்காலையில் கூரையின் உட்புறம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும். விறகு எரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் எரிவாயு அடுப்புக்கான சமையலறையை வரைந்தால், குடிவந்த மறுமாதமே வீட்டுக்காரர் பின்பக்கத்தில் தகரச் சாய்ப்பு இறக்குவார். அதைப் பார்த்து, வீடு கொடுத்தாலும் அழகாக வைத்திருக்கத் தெரியவில்லை என்று பழைய பாட்டைப் பாடுவார்கள்.

2025 ஒக்டோபர் 12 அன்று பண்டாரவளையில், ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார். கட்டி முடிந்த வீட்டின் சாவிகளல்ல அவை. கட்டப்படவிருக்கும் வீட்டுக்கான பத்திரங்கள். ஏழு வாரங்களுக்குள், நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி வந்தது. நாட்டில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலைகள் சரிந்தன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருந்தவர்களுக்கு எல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. மீரியபெத்தையில் ஆபத்து இருப்பதாக 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கிடைத்தவர் எங்கே போயிருப்பார்? தன் பெயரில் ஒரு பேர்ச்சஸ் நிலம் இருந்திருந்தால் அங்கே போயிருப்பார். அழிந்த பின்னர்தான் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டப்பட்டன. அதற்கும் இரண்டாண்டு சென்றது.

புதுவீடு எல்லோருக்கும் வந்துசேர இன்னும் எத்தனை ஆண்டு செல்லுமோ. அதுவரை லயத்தில் இருப்பவருக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, எப்படியும் இடிக்கப்போகிறோமே என்ற நியாயம் ஒன்று அதிகாரிகளிடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். இடிக்கப்போகும் லயத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று அதே லயத்தில் தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். எனவே கேட்பதைச் சிறிதாகவே கேட்போம். காம்பரா ஒவ்வொன்றுக்கும் அதில் வசிப்பவரின் பெயரில் தனி மின்மானி. கட்டடம் முழுவதற்கும் புதிய வயரிங். அடுப்புக்கு ஒரு புகைக்குழாய். கூரையில் ஒரு ஒளித்தகடு. இவற்றைத் தன் செலவில் செய்துகொள்ளும் குடும்பத்திடம் அனுமதிக் கடிதம் கேட்கக் கூடாதென்று ஒரு சுற்றுநிருபம். இதற்கு இந்திய உதவி தேவையில்லை, உலக வங்கி தேவையில்லை. பெருந்தோட்டங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளர் ஒருவர் கையொப்பமிட்டால் போதும். இதே கோரிக்கையை மூன்று அரசாங்கங்களின் காலத்தில் பத்திரிகையில் எழுதினேன். வீட்டு அலங்காரப் பக்கத்துக்கு வாராவாரம் வரும் வாசகர் கடிதங்களில் பாதிகூட இதற்கு வந்ததில்லை. அமைச்சிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. நான்காவது அரசாங்கத்துக்கு இதை இங்கே எழுதுகிறேன்.